உதவி நிறுத்தப்பட்ட மாடல்

பொத்தானை எத்தனை தடவை அழுத்தியும் சர்வர் எந்திரிக்கவில்லை.

பின்னால் பச்சை விளக்கு எரிகிறது. முன்னால் உயிரே இல்லை.

கீழ்மாடியில் ஓடிக்கொண்டிருந்ததை மேல்மாடிக்குத் தூக்கி வந்தவன் நான். மேசை இழுப்பறை மாதிரி நீளமான தட்டைப் பெட்டி. ஊர்ப்பட்ட இணையதளங்கள் அதற்குள் இருக்கின்றனவாம். கனத்தைப் பார்த்தால் நம்பலாம்.

மேஸ்திரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"அது எந்திரிக்கலைன்னா நாளைலேருந்து நீயும் எந்திரிச்சு வர வேணாம். வீட்டுலயே படுத்துக்க."

கீழே போடவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. இந்த வயதில் சுமை தூக்க என்னை வேறு யார் கூப்பிடுவார்கள்?

கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி ஒயரையெல்லாம் கழற்றி மாட்டிப் பார்த்தார். பிறகு சர்வர் செய்த கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். பேச்சு பதிவு செய்யப்படும் என்று முதலில் ஒரு குரல் சொன்னது. அப்புறம் ஒரு பெண் பேசினார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"தூக்கிட்டு வந்த அண்ணனை மேஸ்திரி திட்டுறாரும்மா. வேலையே போயிடும் போல. ஏதாவது வழி சொல்லுங்க" என்றார் தம்பி.

"அவர் ஒருத்தராவா தூக்கினாரு?"

"ஆமா."

அந்தப் பக்கம் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும் சார். அது ரொம்பப் பழைய மாடல், உதவி நிறுத்தியாச்சு. அதைப் பத்தி நாங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

"கிளிப்பிள்ளைங்க" என்று போனை வைத்தார் தம்பி.

அடுத்துத் தன் மடிக்கணினியில் பயனர் குழுவைத் திறந்தார். கம்பெனி கைகழுவிய சர்வர்களோடு மாரடிப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் இடம் அது. அங்கே 'திருகாணி' என்று ஒருவர் உண்டாம். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எந்தக் கேள்விக்கும் சலித்துக்கொள்ள மாட்டாராம். ஒன்றும் தெரியாமல் கேட்பவனைக்கூட மட்டம் தட்டமாட்டாராம்.

"திருகாணி அண்ணன் கண்ணுல பட்டா பொழைச்சோம்" என்று சொல்லிக்கொண்டே கேள்வியைத் தட்டிவிட்டு, மறுபடியும் பெட்டிக்குப் பின்னால் குனிந்தார்.

திரையில் பதில் வந்து விழுந்தது.

"படிங்கண்ணே."

நான் தலை நரைத்த பிறகு எழுத்துப் படித்தவன். விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

'தூக்கி வந்தவர் ஒற்றை ஆளாகத் தூக்கியிருப்பார். பின்பக்கம் இரண்டு பிடி இருக்கும், அதைத்தான் பிடித்திருப்பார். அது தூக்கும் பிடி இல்லை. உள்ளே இருக்கும் மின்சாரப் பெட்டியை உருவும் பிடி. பாரத்தில் இரண்டும் ஒரு நூல் அளவு வெளியே வந்திருக்கும். உருவி, டக்கென்று சத்தம் கேட்கும்வரை தள்ளுங்கள். அவரைத் திட்டாதீர்கள். பார்த்தால் பிடித்துத் தூக்கத் தோன்றும்படி அதைச் செய்தவர்களைத் திட்டுங்கள்.'

தம்பி உருவித் தள்ளினார். டக். இன்னொன்று. டக்.

பொத்தானை அழுத்தினார். விசிறிகள் ஒரே மூச்சில் இரைந்தன.

"சரி சரி, அடுத்த பெட்டியப் பாரு" என்று மேஸ்திரி நகர்ந்தார். அவருடைய மன்னிப்பு அவ்வளவுதான்.

முகம் தெரியாத ஒருவர் எனக்காகப் பரிந்து நாலு வரி எழுதியிருக்கிறார்.

தம்பியின் போனில் ஒரு செய்தி வந்தது. எங்கள் ஊழியர் உங்களுக்கு உதவினாரா, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கம்பெனி கேட்டிருந்தது.

"ஒண்ணு. அதுவே ஜாஸ்தி."

"நில்லுங்க தம்பி."

நான் இன்னும் திரையை விட்டு நகரவில்லை. பதிலுக்கு மேலே தம்பி போட்ட கேள்வி இருந்தது. அதையும் விரல் வைத்துப் படித்தேன். மாடல் எண். பச்சை விளக்கு எரிகிறது. பொத்தானுக்கு அசைவில்லை. அவ்வளவுதான்.

"பெட்டியத் தூக்கினதையோ, என்னைப் பத்தியோ நீங்க இதுல எழுதவே இல்லையே."

தம்பி கேள்வியைப் பார்த்தார். பதிலைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். என்னைப் பற்றி அவர் வெளியே வாய் திறந்தது ஒரே ஒருவரிடம்தான்.

"அடேயப்பா" என்றார் மெதுவாக. "திருகாணி அண்ணன் இல்ல. அக்கா."

ஐந்தை அழுத்தினார். எப்படி உதவினார் என்று அடுத்து ஒரு கட்டம் கேட்டது. அவர் ஆசை ஆசையாகத் தட்டத் தொடங்கினார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பேச்சைப் பதிவு செய்கிறவர்கள் இதையும் படிப்பார்கள்.

தட்டியதை அழித்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

'எதுவும் சொல்லவில்லை. விதிப்படி நடந்துகொண்டார்.'