பெரிய டிராம்போன்

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை மாலை. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் தொட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நோர்வூட் பேண்டுக்காரர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். கீழ்ச்சுரங்களுக்கான பேஸ் டிராம்போன் வாசிக்கும் பொன்னையா காய்ச்சலோடு டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். விடிந்தால் தோட்டத்துக் கோயில் தேர். அதனால் அதைவிடச் சின்ன டெனர் டிராம்போன் வாசிக்கும் வீரய்யாவின் கையில் இன்று அந்தப் பெரிய கருவி இருக்கிறது. முன்னும் பின்னும் நகரும் அதன் குழாய் கைக்கு எட்டாத தூரம் நீள்வதால், தள்ளவும் இழுக்கவும் ஒரு பித்தளைப் பிடி வைத்திருக்கிறார்கள். வீரய்யாவின் கையோ சின்னக் கருவியின் பழைய இடத்திலேயே போய் நிற்கிறது, சுரம் பிசகுகிறது. பழக்கத்தில் உதடும் இறுகிக்கொள்ள, வெறும் காற்றுதான் புஸ்ஸென்று போகிறது. கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்த கடைக்கார ஸுஹைர், "பாட்ட விட்டுடுங்கண்ணே, அத நாங்க பாத்துக்கிறோம். நீங்க கீழ்ச்சுரத்துல நின்னு தாங்குங்க, போதும்" என்கிறார். இத்தனை வருஷமும் பாட்டை முன்னால் கொண்டுபோனவருக்கு முகம் சுண்டிப்போகிறது. ஆனாலும் உதட்டைத் தளரவிட்டு, வயிறு நிறைய மூச்சிழுத்து, பிடியை மெல்லத் தள்ளி ஊதுகிறார். தடித்த, கதகதப்பான ஒலியொன்று தரையோடு பரவுகிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அந்த ஒலியின் மேல் கிளாரினெட் தயங்காமல் ஏறி நடக்கிறது. பாட்டு முடிந்ததும், வாசற்படியில் நிறைமாதமாய் உட்கார்ந்திருக்கும் மனைவி நாகலெட்சுமியிடம், "நான் ஊதினது கேட்டுச்சா?" என்று கூச்சத்தோடு கேட்கிறார். "தனியாக் கேக்கலிங்க" என்றவள், வயிற்றில் கை வைத்துச் சிரிக்கிறாள். "ஆனா உள்ள இருக்கிறது ரெண்டு தடவ உதைச்சிருச்சு." வீரய்யா அடுத்த மூச்சை இன்னும் ஆழமாக இழுக்கிறார்.