மொட்டை மாடியில் ஒரு குடை

கத்திரி வெயில் தொடங்கிய அன்றுதான் அந்த ரோஜாச் செடி தவமணியின் மொட்டை மாடிக்கு வந்தது. செடியில் ஒரே ஒரு மொட்டு இருந்தது. அது கருகிவிடக் கூடாதென்று, தொட்டியில் ஒரு கழியை ஊன்றி, அதில் கறுப்புக் குடையை விரித்துக் கட்டிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

"உனக்குக் கீழேயும் புழுக்கமாகத்தான் இருக்கிறது" என்று ரோஜா சலித்துக்கொண்டது.

"மொட்டு வாடாமல் இருக்கிறதல்லவா, பேசாமல் இரு" என்றது குடை.

சற்று நேரத்தில் தெருவில் ஒருத்தி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கடைப் பக்கமாக வேகவேகமாக நடந்து போனாள். மேலிருந்து பார்த்த ரோஜாவுக்கு முகம் தெரியவில்லை.

"பாவம், அவளிடம் ஒரு குடைகூடக் கிடையாதா?"

"ஒன்று இருக்கிறது" என்ற குடை, வெயில் விழுந்த பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டது.