தொடர்பாடல் துறையின் கண்ணீர் அஞ்சலி

எங்கள் வான் போய் நின்ற வீட்டு முற்றத்தில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஒழுங்கையில் செத்த வீட்டுக்குக் கட்டுகிற குருத்தோலைத் தோரணம் இல்லை. பந்தல் இல்லை. வாடகைக் கதிரை ஒன்றுகூட இல்லை.

"எளிமையாச் செய்திருக்கினம்," என்றார் எங்கள் துறைத் தலைவர் கனகலிங்கம் சேர். ஊடக ஒழுக்கவியல் படிப்பிக்கிறவர்.

தொடர்பாடல் துறையில் நாங்கள் மொத்தம் ஐந்து பேர். நான்கு பேர் வந்திருந்தோம். ஐந்தாவது ஆளான தயாபரனின் தகப்பன்தான் செத்துப்போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை துறையின் வட்ஸ்அப் குழுவில் தயாபரன் ஒரு வரி போட்டிருந்தான். மல்லாவியில் அப்பா காலமாகிவிட்டார், அன்றைக்கே எடுத்தாயிற்று. பிறகு போனை நிறுத்திவிட்டான். அன்றுதான் அவன் விடைத்தாள்களைத் திருத்தி ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள். அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

உடனே துறை கூடியது. பதாகையில் 'ஆழ்ந்த இரங்கல்' வருவதா, 'கண்ணீர் அஞ்சலி' வருவதா என்று விவாதம். பல்கலைக்கழகச் சின்னம் மேலேயா கீழேயா என்பதில் ஒரு பின்னேரம் போனது. அமரரின் படம் ஒருவரிடமும் இல்லாததால் குத்துவிளக்கைப் போட்டோம். செய்தி சரிபார்த்தல் பாடம் எடுக்கிற கமலாசனி மேடம், எழுத்தின் நிறத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தா.

மல்லாவிக்கு ஒரு போன் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வரும்போதும் கூகுள் காட்டிய வழியிலேயே வந்தோம். வாயைத் திறந்து வழி கேட்பது எங்கள் துறைக்கு வழக்கமில்லை.

எனக்கு வேறு கவலை. தயாபரனும் நானும் தற்காலிக விரிவுரையாளர்கள். நிரந்தர இடம் ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது. திங்கட்கிழமை இருவருக்கும் நேர்முகம். செத்த வீட்டுக்குப் போகிற வானிலும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். வெட்கப்படவில்லை.

முற்றத்தில் வயதான மனிதர் ஒருவர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிறீஸ். வெள்ளை உடுப்பில் நாங்கள் இறங்குவதைக் கண்டு எழுந்து வந்தார்.

சேர் கைகூப்பினார். படப்பிடிப்புப் பாடம் எடுக்கிற குகதாசன் சேர் பதாகையை விரித்துப் பிடித்தார்.

மனிதர் மேலிருந்து கீழே மெதுவாக வாசித்தார். அமரர் வீரையா. எமது விரிவுரையாளர் தயாபரனின் பாசமிகு தந்தை. வாசித்து முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எல்லாம் முடிஞ்சுது எண்டு தயாபரன் செய்தி போட்டவர். அவர் எங்க? நீங்கள் ஆர், ஐயா?" என்றார் சேர்.

"ஓம். முடிஞ்சுதான் போச்சு." மனிதர் பதாகையிலிருந்து பார்வையை எடுத்தார். "தயாபரன் இஞ்ச இல்லை. நான் வீரையான்ர தமையன்."

"அவருக்கு என்ன வருத்தம்?" என்று மேடம் கேட்டா.

"ஒரு வருத்தமுமில்லை, பிள்ளை. நல்லாத்தான் இருந்தவன். அவனுக்கே தெரியாமல் நடந்த காரியம்."

மேடம் கண்ணைத் துடைத்தா.

அந்த நேரம் படலைக்கு வெளியே சைக்கிளில் போன ஒருவர், இறங்காமலே குரல் கொடுத்தார்.

"வீரையாண்ணை, வாய்க்காலில தண்ணி விட்டாச்சு. கெதியா வாங்கோ."

மனிதர் திரும்பவில்லை. கையிலிருந்த துணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

குகதாசன் சேர் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் போனில் இரங்கல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தா. தலைவர் பேசுவதற்குத் தொண்டையைச் செருமினார். 'கேட்டல்' என்ற பாடம் எங்கள் துறையில் முதலாம் வருடத்தோடு முடிந்துவிடும்.

எனக்குக் கேட்டது.

நாசமறுவான், விடைத்தாள் திருத்தாததற்கு அப்பனைக் கொன்றிருக்கிறான் என்று மனதுக்குள் திட்டினேன். கையோடு சந்தோசமும் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை நான் மட்டும்தான்.

"யோசிக்காதேங்கோ, ஐயா," என்றார் தலைவர். "நேர்முகத்தில நானும் இருக்கிறன். தகப்பனை இழந்த பிள்ளையை நாங்கள் கைவிடமாட்டம்."

எனக்கு விசர் வந்தது. வாயைத் திறந்தேன்.

மனிதர் என்னைப் பார்த்தார். எனக்குக் கேட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லாதே என்று கண்ணைக்கூடக் காட்டவில்லை. தலைவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப வீரையா செத்ததும் நல்லதாப் போச்சு, சேர்."

துணியில் கையை நன்றாகத் துடைத்துவிட்டுப் பதாகையை வாங்கினார். தெருவில் போகிறவர்களுக்குச் சின்னம் தெரியவேண்டும் என்று தலைவர் சொன்னதால் படலைக்கு மேலே கட்டினார். குகதாசன் சேர் கட்டிய பக்கம் சரிந்தது. அதையும் அவிழ்த்து, காற்றுக்குக் கழன்றுவிடாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டார். தள்ளி நின்று, தன் பெயர் நேராக நிற்கிறதா என்று பார்த்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

குழுப்படம் எடுத்தோம். அவரும் நின்றார்.

மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்தபடி ஒன்றும் சொல்லாமல் வானில் ஏறினார்கள். நான் கடைசியாக நின்றேன்.

"போயிட்டு வாறன், ஐயா," என்றேன்.

அவர் படலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. போயிட்டு வாங்கோ."

வான் வெளிக்கிட்டதும் கமலாசனி மேடம் என் தொடையில் கிள்ளினா.

"செத்த வீட்டில ஆரும் போயிட்டு வாறன் எண்டு சொல்லுவினமோ, யதுர்ஷிகா? இதுகூடத் தெரியாதோ உமக்கு?"

"தெரியும், மேடம்," என்றேன்.