ஒரே ஒரு ஆணி

“ட்ரெயின் வந்ததும் ஓங்கி ஒரே போடு. ரெண்டாவது அடி கேக்கவே கூடாது, சொல்லிட்டேன்” என்று கிசுகிசுத்தாள் புவனேஸ்வரி.

தணிகைவேல் தலையை ஆட்டினான். கையில் சுத்தியல், அதன் தலையில் பழைய பனியன் நான்கு சுற்று. நெற்றி வியர்வை மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“கீழ இன்னா பண்றாரு?”

“மீன் கொழம்பு துன்னுட்டுப் படுத்துக்கினாரு. ஜன்னல்ல கொறட்டை கேக்குது. இதான் டைம்.”

பதறாதீர்கள், யாரையும் கொல்லப் போவதில்லை. சுவரில் ஒரு ஆணி அடிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நாம் சொல்லிவிடலாம். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் திருவள்ளூரைச் சுற்றியே ஆறு வீடு மாறியிருக்கிறார்கள். ஆறு ஹவுஸ் ஓனர்களும் சாவியைக் கொடுக்கும்போது சொல்லிவைத்தாற்போல ஒரே வாக்கியம்தான் சொன்னார்கள்: “செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது.” காலி செய்யும் நாளில் ஒருவர் டார்ச் அடித்துச் சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தார். இன்னொருவர் காலண்டருக்குக் குத்திய குண்டூசிக்கே பஞ்சாயத்து வைத்தார்.

அதனால் இவர்களுடைய கல்யாண போட்டோ, கண்ணாடியும் சட்டமும் போட்டது, ஆறு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில்தான் குடித்தனம் நடத்தியது. நடுவில் ஒரு தடவை தணிகைவேல் ஒட்டுகிற கொக்கி வாங்கி வந்து மாட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் சாம்பாரில் விழுந்தார்கள். புவனேஸ்வரி அன்றைக்கு அழுதது சாம்பாருக்காக இல்லை.

மணவாள நகரில் ரயில் பாதையை ஒட்டிய இது ஏழாவது வீடு, மாடி. குடிவந்து பத்து நாள் ஆகிறது. “இந்த ஊட்லயாவது நம்ம மூஞ்சி செவுத்துல இருக்கணும்” என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவனுக்கும் ஆசைதான். காக்களூர் கம்பெனியில் ஒரு ஷிஃப்டுக்கு நானூறு இரும்புத் தகட்டில் ஓட்டை போடுகிற ஆள், பாவம், வீட்டுச் சுவர் என்றால் மட்டும் சுத்தியலைத் தூக்கவே யோசிக்கிறான்.

“இந்த எடத்துல உள்ள வயர் எதுவும் போவலயே?” என்று கேட்டாள்.

“போவல. பைப் பொதைக்கறப்ப நான் பக்கத்துலயேதான் நின்னுக்கினு இருந்தேன்.”

“சரி, சும்மா இருய்யா, வருது!”

எக்ஸ்பிரஸ் தடதடவென்று வந்தது. தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தான். ஆணி தப்பித்தது, கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. அவன் “அம்மாடி!” என்று கத்தியபோது ரயில் போயே போய்விட்டது.

அடுத்து வந்த லோக்கலில் ஆணியின் மூக்கு மட்டும் உள்ளே போனது. அப்புறம் வந்தது சரக்கு ரயில். கடவுள் இருக்கிறார், நாற்பது பெட்டிக்குக் குறையாது. பத்து அடியில் ஆணி ஜம்மென்று இறங்கிவிட்டது.

புவனேஸ்வரி போட்டோவைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் கல்யாணத்தன்று இருந்த அதே சிரிப்பு.

டொக், டொக். யாரோ கதவைத் தட்டினார்கள்.

பத்தொன்பது வருஷப் பழக்கம், தணிகைவேலுக்கு உயிரே போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து பல் பேஸ்ட்டை உருவினான். ஆணி ஓட்டையைப் பேஸ்ட்டால் அடைத்தால் எந்த டார்ச்சுக்கும் தெரியாது என்பது குடித்தனக்காரர்கள் கண்டுபிடித்த விஞ்ஞானம். ஆனால் ஆணியைப் பிடுங்க நேரமில்லை. தலையைச் சுவரில் சாய்த்து அதை மறைத்துக்கொண்டு நின்றான். ஆணி பின்மண்டையில் குத்தியது.

புவனேஸ்வரி போய்க் கதவைத் திறந்தால் கீழ் வீட்டு எட்வர்ட். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மூக்கு நுனியில் கண்ணாடி, பின்னால் கட்டிய கைகள். மெதுவாகத்தான் பேசுவார். மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் தணிகைவேலுக்குப் பயம் அதிகம்.

“இன்னாமோ இடிக்கற சத்தம் கேட்டுச்சே” என்றார் எட்வர்ட்.

“ட்ரெயின் சார்! கூட்ஸ் வண்டி!”

“முப்பத்தஞ்சு வருசம் ட்ரெயின் சத்தத்துலயே வேலை பாத்தவன் நானு. அது கூட்ஸ் இல்ல. ஆணி.”

தணிகைவேல் உடைந்துபோனான். தானாகவே தலையை நகர்த்தி ஆணியைக் காட்டிக்கொடுத்தான்.

“தப்புதான் சார். ஒன்னே ஒன்னுதான் சார். இப்பவே புடுங்கிடறேன், பேஸ்ட் வச்சு மூடிட்டா தெரியவே தெரியாது!”

“புடுங்காதய்யா!” புவனேஸ்வரி போட்டோவை மார்போடு அணைத்துக்கொண்டாள். “சார், நான்தான் அடிக்கச் சொன்னேன். பத்தொன்பது வருசமா எங்க கல்யாணம் கட்டிலுக்கு அடியில கெடக்குது சார். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு செவுத்துல பாத்துக்கறேன்.”

எட்வர்ட் ஆணியைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். தணிகைவேல் கையில் பிதுங்கி வழிந்த பேஸ்ட்டையும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பின்னால் கட்டியிருந்த கைகளைத் தயங்கித் தயங்கி முன்னால் கொண்டுவந்தார்.

ஒரு கையில் சுவர்க் கடிகாரம். இன்னொரு கையில் பனியன் சுற்றிய சுத்தியல்.

“வாடகைக்கு இருக்கறவன் கேக்கறேன், கீழ நானும் ஒன்னே ஒன்னு அடிச்சிக்கட்டுமா, ஹவுஸ் ஓனர் சார்?”