மரியஅந்தோணியின் பல்செட்

திருச்சி விமான நிலையத்தில், பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே, நாலு பேர் பார்க்க, மரியஅந்தோணி தன் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்.

மஸ்கட்டில் மகன் வாங்கிக் கொடுத்த பேரீச்சம்பழம் இருந்தது. பாதாம் இருந்தது. தைல பாட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. புதுக் கைக்கடிகாரம் உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

இல்லாதது ஒரு செண்டு டப்பா மட்டும்தான்.

செண்டு போனால் போகிறது. ஆனால் அதற்குள் செண்டு இல்லை. அவருடைய பல்செட் இருந்தது.

மகன் வீட்டில் தங்கியிருந்தபோது புதிதாகக் கட்டிய பல்செட். மேலும் கீழும் முழுசு. இரண்டு நாளாக ஈறைக் கடித்துக்கொண்டே இருந்தது. "ப்ளேன்ல யாருகிட்ட பிரசங்கம் பண்ணப் போறீங்க? கழட்டிக் குடுங்க, வீட்டுல போய் மாட்டிக்கலாம்" என்று புறப்படும்போது வாங்கி, காலி டப்பாவில் வைத்துப் பெட்டிக்குள் போட்டவள் மனைவி அக்னஸ்.

பெட்டி வந்ததும் வண்டியில் ஏற்றி அவளிடம் விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தபோதுதான் பூட்டு வாயைப் பிளந்துகொண்டு தொங்குவதைப் பார்த்தார்.

"எடுத்தவன் சோறு மெல்ல முடியாம அலையட்டும்!" என்று அக்னஸ் மார்பில் அடித்துக்கொண்டாள்.

மரியஅந்தோணிக்கு முறை தெரியும். வாசலைத் தாண்டிவிட்டால் புகார் செல்லாது என்று மகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். பூட்டைப் போட்டோ எடுத்தார். பெட்டியின் டேக்கைக் கிழியாமல் உரித்துப் பையில் வைத்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கவுண்ட்டருக்கு நடந்தார்.

அங்கே ஜெயபாரதி என்று பெயர்ப் பட்டை குத்திய பெண் இருந்தாள். என்ன சார் காணோம் என்றாள். அவர் அக்னஸின் காதில் சொன்னார். அக்னஸ் உரக்கச் சொன்னாள்.

"அவரோட பல்லும்மா."

"தங்கமா?"

"சாதாப் பல்லுதான்."

"புதுசா, யூஸ் பண்ணதா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மரியஅந்தோணி கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கேமராவைப் பார்த்துவிட்டுப் போன் செய்வதாகச் சொன்னாள் ஜெயபாரதி.

சொந்த ஊரான பூதலூரில் அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. மாதாகோயில் பங்குப் பேரவையிலும் விவசாயிகள் கூட்டத்திலும் கடைசியாகப் பேசுகிறவர் அவர்தான். அவர் பேசிய பிறகு மற்றவர்களுக்கு நேரம் இருக்காது.

அதுவும் இன்றைக்கு அவர் பேசியே ஆக வேண்டும்.

மகள் ஆஷ்லின் அருள்பிரகாஷைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஆறு மாதமாகப் பிடிவாதமாக நிற்கிறாள். நல்ல பையன், நல்ல வேலை. ஆனால் லுத்தரன் சபை. மாதாவைக் கும்பிடாத வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்றார் மரியஅந்தோணி. அன்றிலிருந்து அப்பா என்ற சொல்லே மகள் வாயில் வரவில்லை. பையன் வீட்டார் இன்று சாயங்காலம் வருகிறார்கள். வரட்டும், முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்புகிறேன் என்றுதான் அவர் சம்மதித்திருந்தார். அதை எப்படி ஆரம்பித்து எப்படி முடிப்பது என்று கடலைத் தாண்டும்வரை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் பையன் வீட்டார் தஞ்சாவூரிலிருந்து காரில் வந்தார்கள். அருள்பிரகாஷின் அப்பா ரெத்தினம் பழத்தட்டை வைத்துவிட்டுக் கை கூப்பினார்.

"ஐயா வாயால ஒரு வார்த்தை சொல்லணும்."

மரியஅந்தோணி அக்னஸைப் பார்த்தார். அக்னஸ் மின்விசிறியைப் பார்த்தாள்.

வேறு வழியில்லை. கைக்குட்டையை எடுத்தார். ஒத்திகை பார்த்த பேச்சை எல்லாம் விட்டுவிட்டு, அதன் கடைசிச் சொல்லை மட்டும், உள்ளே இருந்த மூச்சையெல்லாம் திரட்டி முழங்கினார்.

சம்மதமில்லை.

முன்பாதியை உதடுகள் எப்படியோ ஒப்பேற்றிவிட்டன. பின்பாதிக்காக நாக்கு மேலே போனது. அங்கே முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. மிச்சம் காற்றாகிப் போனது.

"ஹம்மதம்… ஹ்ஹை!"

"ஸ்தோத்திரம்!" என்று ரெத்தினம் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

மரியஅந்தோணி தலையை ஆட்டினார். இரண்டு கைகளையும் வீசினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. பாவம், மனசு நிறைந்துபோச்சு, பேச்சே வரவில்லை என்று பையனின் அம்மாவும் அழுதாள். அக்னஸ் பேரீச்சம்பழத்தை எடுத்து எல்லாருக்கும் நீட்ட ஆரம்பித்தாள்.

அப்போது ஆஷ்லின் ஓடி வந்தாள். அவருடைய ஒட்டிப்போன கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை.

அவர் கைகள் வீசுவதை நிறுத்தின. மெல்ல அவள் முதுகைத் தடவிக் கொடுத்தன.

சட்டைப்பையில் போன் அடித்தது. வாசலுக்கு வந்து காதில் வைத்தார்.

"சார், ஏர்போர்ட்லேருந்து ஜெயபாரதி பேசறேன். கேமரா பாத்தாச்சு சார்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "உங்க பெட்டிய வெளியாள் யாரும் தொறக்கல. நீங்க டாய்லெட் போனப்ப அம்மாதான் கொண்டை ஊசியால பூட்ட நெம்பறாங்க. ஒரு டப்பாவ எடுத்துக் கைப்பையில போட்டுக்கறாங்க. புகார என்ன சார் பண்ணட்டும்?"

மரியஅந்தோணி திரும்பிப் பார்த்தார். கூடத்தின் நடுவில் அக்னஸ் தட்டோடு அப்படியே நின்றாள். அவள் கண் அவருடைய போனின் மேல் இருந்தது. அவளுக்குப் பின்னால் ஆஷ்லின் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"மூடிடும்மா," என்றார் போனில்.

பல் இல்லாமலேயே அது தெளிவாக விழுந்தது.