நாலு விரல் இறங்கிய சீட்டு

தடுப்பு போடுகிறவருக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. தெருவை அடைக்கப் பதினாறு இரும்புத் தடுப்புகளை ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணி வரை அந்தத் தெருவில் வண்டிகள் கிடையாது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான்.

இலவசமாக ஓட்டக் கொடுக்க லாரியில் இருபது சைக்கிள்கள் வரும். அதில் ஒன்றுக்குச் செயின் இல்லை, யாரும் தொடமாட்டார்கள். ஆனாலும் திருப்பி ஏற்றும்போது அதன் சீட்டு மட்டும் நாலு விரல் இறங்கியிருக்கும். தொட்டால், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோலச் சூடாக இருக்கும்.

"அண்ணே, நீங்கதான சீட்ட இறக்கி வைக்கிறீங்க?" என்றாள் சைக்கிள் கொடுக்கும் பெண்.

"ஆமா, எனக்கு வேற பொழப்பில்ல பாரு."

நாலு விரல் இறக்கினால் அவர் மனைவிக்குக் கச்சிதமாக இருக்கும். சைக்கிள் கற்றுக்கொடுக்கச் சொல்லி அவள் கேட்டபோதெல்லாம், "ரோட்டுல வண்டி ஓயட்டும்டி" என்பார். வண்டி ஓயவில்லை. அவள் செத்துப்போய் மூன்று வருஷம்.

இன்று ஒன்பதரைக்கே சீட்டு இறங்கிவிட்டது. அவர் அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"நேராப் பாரு. கீழ பாக்காத."

சைக்கிள் நகர்ந்தது. யாரும் பிடிக்காத ஹேண்டில்பார் கொஞ்சம் ஆடி, பிறகு நேரானது. கையில் ஆள் பாரம் தெரிந்தது. தெருக்கோடி வரைக்கும் இடுப்பு வலிக்கவே இல்லை.

பத்து மணிக்கு விசில் ஊதினார்கள். சைக்கிளை லாரியில் ஏற்றிவிட்டு, "அடுத்த மாசம்" என்றார்.

பிடித்துக்கொண்டு ஓடியாயிற்று. கையை எடுத்து அவளைத் தனியாக ஓட்ட விடவேண்டியது இன்னும் பாக்கி.