வாளித்தண்ணி

தேவாலய மண்டபத்தில் மூன்று பேர் இருந்தார்கள். புதிதாக மாற்றலாகி வந்த போதகர் மேசையின் தலைப்பில், பொருளாளர் இராசதுரை அவருக்கு வலப்புறம், செயலாளர் உதயகலா கதவோரம். நத்தார் கரோல் வருவதை வீடுகளுக்கு அறிவிக்கும் கடிதங்களில் ஒன்று மட்டும் ஒட்டப்படாமல் கிடந்தது.

“இணுவில் நமசிவாயத்தார் வீட்டை இந்த முறை விடுவம், பிள்ளை,” என்றார் இராசதுரை. “போன வருசம் பாட்டுத் தொடங்க முதலே உம்மிலை வாளித்தண்ணியை ஊத்தின மனுசன்.”

“கரைச்சல் பிடிச்ச ஆக்களோடையும் அன்பாய்த்தான் நடக்கவேணும்,” என்றார் போதகர். “அதுக்காக எங்கடை ஆக்களை நனைய விடேலுமோ?”

“நனைஞ்சது நான்தானே ஐயா. இந்த முறையும் நானே முன்னுக்கு நிக்கிறன்,” என்றாள் உதயகலா.

“திரும்பவும் ஊத்தினால்?” என்று கேட்டார் போதகர்.

“ஊத்தட்டும். நான் சைவத்தை விட்டு வேதத்துக்கு மாறினதிலையிருந்து அந்த வீட்டுப் படலை எனக்குத் திறக்கிறேல்லை. கரோலோடை போனால்தான் உள்ளுக்கு நிக்கலாம்.” உதயகலா கடிதத்தை எடுத்து மடித்தாள். “அண்டைக்கு ஊத்தினது பச்சைத்தண்ணி இல்லை ஐயா, இளஞ்சூடு. குளிர்தண்ணி பட்டால் எனக்கு மூச்சு இழுக்குமெண்டதை அப்பா மறக்கேல்லை.”

போதகர் கடிதத்தை வாங்கி, உறையிலிட்டு ஒட்டினார். இராசதுரை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தபாற்கந்தோருக்குச் சைக்கிளை எடுத்தார்.